அவிழ்த்த கட்டு

ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கூத்தையாவின் வலது கால் வீங்கிக் கறுத்துக் கிடக்கிறது. கடல் தண்ணீரில் புண்ணுக்குள் விஷம் ஏறிவிட்டது, இருட்டுவதற்குள் காலை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சன்னல் வழியே சாய்ந்து விழும் வெயிலில், மனைவி மீனம்மாள் முந்தானையால் ஈ விரட்டுகிறாள். முந்தாநாள் தேவிபட்டினத்தில் கடலுக்குள் இறங்கி நவக்கிரகங்களாக நட்டிருக்கும் நவபாஷாணக் கற்களைச் சுற்றியபோது, அவன் காலில் பட்டிருந்த அரிவாள் வெட்டில் சாமி தண்ணீர் படட்டும் என்று கட்டை அவிழ்த்தவள் அவள்தான். “பச்சைப் புண்ணோட கடல்ல எறங்கச் சொன்ன புத்திசாலி யாருய்யா?” என்கிறாள் நர்ஸ். முந்தானை நின்றுவிடுகிறது. “நான்தாம்மா. இவ வேணாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டா, நான்தான் கேக்கல” என்று கூத்தையா சிரிக்கப் பார்க்கிறான். நர்ஸ் மீனம்மாளின் தோளை இரக்கத்தோடு தட்டிவிட்டுப் போகிறாள். அந்த இரக்கத்தைத் தாங்கமாட்டாமல் மீனம்மாள் குனிந்து, அவன் கால்விரல் இடுக்கில் இன்னும் ஒட்டியிருக்கும் கடல்மணலை மெல்ல மெல்லத் துடைத்து எடுக்கிறாள்.