ஹபீபின்

பேராசிரியர்கள் கூடும் அறையின் நடுவில், செந்தூலில் ஒரு வீட்டிலிருந்து லோரியில் வந்து இறங்கிய பழைய ஃபிரிட்ஜ் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. கதவில் ஹரி ராயா பெருநாள் வாழ்த்துக் காந்தம்கூட அப்படியே இருந்தது. பல்கலைக்கழகத்தின் மூன்று பெரிய தலைகள் அதைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"திறக்கலாமா ப்ரோஃப்?" என்றாள் ஷிரீன்.

குட்டிப் பருவத்தில் மூளை எப்படி வளர்கிறது என்ற ஆராய்ச்சியில் பதினோரு வருடத்தைக் கரைத்தவள் அவள். இந்த மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது. நிரந்தர வேலையா, வீட்டில் உட்காருவதா என்பதை இன்று இந்த ஃபிரிட்ஜ்தான் சொல்ல வேண்டும்.

போன வருடம் ஒருநாள் லேப்பில் கரண்ட் போய்விட்டது. கையிலிருந்த பன்னிரண்டு ஆட்டுக்குட்டி மூளைகளில் எட்டைப் பக்கத்து லேப்புக்கு அனுப்பிவிட்டு, இடமில்லாத நான்கை வீட்டு ஃபிரிட்ஜில் மூன்று நாள் வைத்தாள். பிறகு இருட்டில் நீல விளக்கைக் காட்டியபோது, வீட்டுக்குப் போய்வந்த நான்கு மட்டும் பச்சையும் மஞ்சளுமாக மின்னின.

ஷிரீன் குதித்தே விட்டாள். குளிர் பட்டதும் மூளை தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் புது மூலக்கூறு என்று கட்டுரை எழுதினாள். நிறம்கூட லேசாக மாறியிருந்தது. அதையும் கண்டுபிடிப்பில் சேர்த்துக்கொண்டாள். மூளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்ட தன் உம்மா ஹபீபாவைக் கௌரவித்து அதற்கு 'ஹபீபின்' என்று பெயரும் வைத்தாள்.

ஜப்பானில் ஒரு மாநாட்டில் எழுந்து நின்று கைதட்டினார்கள். கைதட்டியவர்கள் ஊருக்குப் போய்ச் செய்து பார்த்தார்கள். ஒன்றும் மின்னவில்லை.

"எந்த ஃபிரிட்ஜோ, அதையே கொண்டு வாங்க," என்றுவிட்டார் இதை ஆராய அமைத்த குழுவின் தலைவர் சண்முகரத்தினம். மூன்று நாளைக்கு முன் ஃபிரிட்ஜ் வந்தது. புதிதாக நான்கு மூளைகளை உள்ளே வைத்து, கதவுக்கு முத்திரையும் வைத்தார்கள்.

இப்போது முத்திரையை உடைத்தார்கள். விளக்கை அணைத்து, நீல வெளிச்சத்தைக் காட்டினார்கள். நான்கும் நான்கு கல்லாகக் கிடந்தன.

"ஒண்ணுமே இல்லை லா," என்றார் சண்முகரத்தினம்.

ஷிரீனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அறையின் மூலையில், ஃபிரிட்ஜ் எப்போது வீடு திரும்பும் என்று கேட்க வந்திருந்த ஹபீபாவுக்கோ மகள் முகத்தைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

"சார், எம்மவ பொய் சொல்ல மாட்டா. அன்னிக்கு மின்னுனது நெசம்."

சண்முகரத்தினம் அவர் பக்கம் திரும்பினார். "அக்கா, அந்த மூணு நாளும் ஃபிரிட்ஜுல வேற என்ன இருந்துச்சு?"

"மீன் கொழம்பு, தோசை மாவு, பேரனோட கேக்கு."

"மாவு எத்தனை நாள் புளிச்சது?" என்று மிகுந்த கவலையோடு கேட்டார் இன்னொரு பேராசிரியர். மூன்றாமவர் 'தோசை மாவு' என்று எழுதி இரண்டு கோடு போட்டார்.

"மூளையில யாராவது கை வச்சீங்களா?" என்றார் சண்முகரத்தினம்.

ஷிரீன் முந்திக்கொண்டாள். "நான் தெளிவா சொல்லிட்டுத்தான் வேலைக்குப் போனேன் ப்ரோஃப். கழுவக் கூடாது, வெட்டக் கூடாது, சமைக்கக் கூடாதுன்னு மூணு தடவ சொன்னேன்."

"அல்லா மேல ஆணையா கழுவல, வெட்டல, சமைக்கல," என்றார் ஹபீபா. "எங்க வீட்டுக் கறியப் பாத்துக்குற மாதிரிதான் பாத்துக்கிட்டேன்."

"இந்தத் தடவையும் அப்படித்தானே?"

"எங்க சார்? இந்தத் தடவ ஃபிரிட்ஜயே தூக்கிட்டு வந்துட்டீங்க. என்னையக் கிட்டயே விடலையே!"

மூன்று பேனாக்களும் நின்றன. சண்முகரத்தினம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அன்னைக்கு நீங்க என்னதான் செஞ்சீங்க அக்கா?"

ஹபீபா மகளைப் பெருமையோடு பார்த்தார். தன்னால்தான் அவள் வேலை பிழைக்கப்போகிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"கழுவக் கூடாதுன்னுட்டா, கெட்டுப் போயிடுமேன்னு மஞ்சத்தூள மட்டும் நல்லாத் தடவி வச்சேன் சார்."