அப்பா பெயரில் ஓர் அழைப்பு

அப்பாவைப் போய் இங்கே கூப்பிடுகிறார்களே!

முதலில் அவளுக்கு அப்படித்தான் தோன்றியது. மார்பகப் பரிசோதனைக்கு வந்தவர்கள் காத்திருக்கும் கூடம். சுற்றிலும் பெண்கள். சமையலறைக்குள் வருவதற்கே வாசலில் நின்று செருமுகிற மனுஷன் அப்பா. போய்ச் சேர்ந்து இத்தனை வருடம் கழித்து, அவர் பெயரை நர்ஸ் கூடம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுகிறாள்.

பிறகுதான் உறைத்தது. கூப்பிடுவது அவளைத்தான். இன்றைக்கு மட்டும்.

ஊரில் அப்பா வெறும் இனிஷியல். ஓர் எழுத்து, ஒரு புள்ளி. தங்கை குடியேறிய இந்த நாட்டில் அந்த எழுத்து முழுப் பெயராக ஊதிப் பெருத்து, தங்கையின் சொந்தப் பெயரையே விழுங்கிவிட்டிருந்தது.

"உனக்கும் எனக்கும் ஒரே அப்பாதானே, இதுல பொய் எங்கேடி... சீ, எங்கே அக்கா இருக்கு?" என்று காலையில் வாய் குழறிச் சிரித்தாள் தங்கை.

இங்கே ஐம்பதைத் தொட்ட பெண்களை அரசாங்கமே தேடிக் கூப்பிடுகிறது. கல்யாணத்துக்கு அழைப்பதுபோல நாள் சொல்லி, நேரம் சொல்லி. செலவும் அவர்களுடையது. தங்கைக்கு வந்த முறையைத்தான் தங்கை அவளுக்குத் தந்திருந்தாள்.

அவளுடைய ஊரில் யாரும் கூப்பிடுவதில்லை. ஒருமுறை தானாகப் போய் நின்றாள். வலிக்கிறதா என்றார் டாக்டர். இல்லை என்றாள். வலித்தால் வாருங்கள் என்றார்.

அம்மாவுக்கும் வலிக்கவில்லை. வலித்தபோது நாள் மிச்சமில்லை.

அதிலிருந்து குளிக்கும்போதெல்லாம் அவள் கை பயந்து பயந்து தடவும். ஒன்றும் அகப்படாது. இருந்தாலும், 'ஒன்றுமில்லை' என்று விவரம் தெரிந்த யாராவது ஒருவர் வாயால் கேட்க வேண்டும் என்று ஏங்கிப்போயிருந்தாள்.

'என் முறையை நீ எடுத்துக்கோ அக்கா, என்னை மறுபடியும் கூப்பிடுவாங்க' என்று தங்கை சொன்ன அன்று, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இந்தச் சின்னக் கழுதைக்கு எவ்வளவு பெரிய மனசு.

நர்ஸ் மறுபடியும் கூப்பிட்டாள். நர்ஸின் நாக்கில் அப்பாவின் பெயர் நடுவில் உடைந்து, யாரோ முன்பின் தெரியாதவர் பெயர்போல மிதந்து வந்தது. கண்ணாடிக் கதவில் பால் நிறத்தில் வெளிச்சம். அங்கே அப்பா தலையைக் குனிந்து, தன் செருப்பையே பார்த்தபடி நிற்பதுபோல இருந்தது. பெண்களில் ஒருத்தி சீக்கிரம் எழுந்தால் தேவலை, தப்பித்துப் போகலாம் என்று.

அவள் உடம்பு பஞ்சாக லேசாகிவிட்டது. எழுந்தால் போதும். நடக்கக்கூட வேண்டாம், அந்த வெளிச்சமே இழுத்துக்கொள்ளும்.

பக்கத்து நாற்காலியிலிருந்து தங்கை காதருகே குனிந்தாள்.

"கட்டி மாதிரி ஏதாவது தட்டுப்படுதான்னு கேப்பாங்க. இல்லைன்னு சொல்லிடு, என்ன?"

சொல்லும்போதே தங்கையின் வலது கை, சால்வைக்குள் நுழைந்து இடது அக்குளோரம் போய் உட்கார்ந்தது. ஆடுகிற பல்லை நாக்கு தேடிப் போவதுபோல. போனது தங்கைக்கே தெரியவில்லை.

அம்மாவின் கையும் கடைசி வருடம் அங்கேதான் போய் உட்காரும்.

அவள் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். தங்கை கதவைப் பார்த்தாள்.

பெரிய மனசு இல்லை. பயம். அக்காவின் உடம்பை உள்ளே அனுப்பி, தன் பெயருக்கு ஓர் 'ஒன்றுமில்லை'யை வாங்கிக்கொள்ள வந்திருக்கிறது இது.

"போ அக்கா. உன்னைத்தான்."

நர்ஸ் பக்கத்திலேயே வந்துவிட்டாள். ஒரே அச்சில் வார்த்த இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்து, இருவரில் யார் என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினாள்.

அவள் எழுந்திருக்கவில்லை. தங்கையின் மடியிலிருந்த கைப்பையை மெல்ல எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பையை நான் பாத்துக்கறேன். நீ போயிட்டு வாடி."