மணம் பார்க்கிறவர்

யாக்கோப்பு மூன்றாவது புகையிலைச் சிப்பத்தின் பாயைப் பிரித்து ஓர் இலையை மூக்கருகே கொண்டுபோனார். பின்னால் சிப்பம் தூக்க நின்ற றோசம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது.

“இது பழுது. வெளிய எடு புள்ள,” என்றார் அவர்.

மாரி பிறந்தால் வாவிக்கரைச் சேமிப்புக் கிட்டங்கியில் இதுதான் வேலை. பதப்படுத்திய புகையிலையை நிலத்திலும் சுவரிலும் படாமல் பலகைமேல் வைத்து, கிழமைக்கொருமுறை மாற்றி அடுக்க வேண்டும். பூஞ்சணம் கண்ணில் படுமுன்னே மணத்தில் தெரியும். ஒரு சிப்பம் தவறினால் அடுக்கே போய்விடும்.

“யாக்கோப்பு, உன்ட மூக்குக்குப் பொன்னுல கூடு செஞ்சி போடணும்,” என்று சிரித்தார் ஏறாவூர் முதலாளி முகைதீன்பாவா.

யாக்கோப்பு தலை குனிந்துகொண்டார். போன வருடக் காய்ச்சலோடு அந்த மூக்கு செத்துப்போயிருந்தது. சுட்ட கருவாடும் தெரியாது, சாம்பிராணியும் தெரியாது. வேலை போய்விடும் என்று வாய் திறக்கவில்லை.

பழுதான சிப்பத்தைப் பிரித்தால் றோசம்மா இருமுகிறாள் என்பதை காய்ச்சலுக்குப் பின்தான் கண்டுகொண்டார். பூஞ்சணம் அவள் நெஞ்சுக்கு ஆகவில்லை என்று எண்ணிக்கொண்டார். அந்த இருமலில்தான் ஒரு வருடமாக அவர் வீட்டில் உலை கொதித்தது.

ஞாயிறு பூசையில் பாடும்போது அவள் குரல் ஒருதரமும் கம்மவில்லை. வெளிக்காற்றில் நன்றாயிருப்பவளை இதற்குள் நிறுத்தி வைத்திருக்கிறேனே என்று அவருக்குக் கூசியது.

அந்த நினைப்பில் இருமலைக் கவனியாமல் ஏழாவது சிப்பத்தை நல்லதென்று தள்ளப்போனார். இருமல் இரண்டு மடங்காயிற்று. றோசம்மா கண்ணில் நீர் முட்டச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள்.

முதலாளி இரண்டடி பின்வாங்கினார். “என்னகா இது, கசநோயா? நாளையிலிரிந்து வராத புள்ள. மத்தவங்களுக்கும் தொத்திரும்.”

யாக்கோப்பு கையிலிருந்த இலையைச் சிப்பத்தின்மேல் வைத்தார். பேசாமல் இருந்திருக்கலாம்.

“கசமில்ல முதலாளி. எண்ட மூக்கு செத்து ஒரு வருசம். இவள்ற இருமல வச்சித்தான் பழுது பாத்தன். இந்தப் பூஞ்சணம் இவள்ற நெஞ்சத் தின்னுது, தெரிஞ்சிதான் நிப்பாட்டி வச்சன். நான் போறன். இவளுக்கு வெளிவேலை ஏதும் குடுங்க.”

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். றோசம்மா பிடிபட்டவளைப்போல நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எனக்கு இருமல் இல்ல அண்ணன். பழுது மணக்கிற மூக்குத்தான் இரிக்கி.”