இருக்குதா, இல்லையா?

"அந்தப் புள்ளையோட மண்டைப் படம் இங்க இருக்குதா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க மிஸ். நான் பாட்டுக்குப் போயிடுறேன்."

புனிதவதி நிமிரவில்லை. மேசையில் ஒரு ஸ்கேன் படத்தை விரித்துவைத்துக் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒரு தாளுக்குள் வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் நோயாளியின் பேர். ஒன்று விடாமல் மறைக்க வேண்டும். இந்த வேலையைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் அவன் வாயிலேயே நாலு துண்டு ஒட்டலாம் என்றிருந்தது.

ஸ்கேன் எடுக்கக் கண்டிக்குப் போகவேண்டியிருந்த காலம். வலிப்பு நோயை ஆராய்கிற டாக்டர் லக்ஸ்மன், தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வீட்டில் வைத்திருக்கும் ஸ்கேன் படங்களைக் கேட்டு வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புவார். அனுப்புமுன் அது யாருடைய படம் என்று தெரியாமல் ஆக்குவது, நுவரெலியாவின் இந்தக் குளிர்ந்த அறையில் இருக்கும் புனிதவதியின் பொறுப்பு.

"சொல்ல ஏலாது எண்டு போன கிழமையும் சொன்னனான், ஐயா."

"நான் யாருன்னு தெரியாம பேசுறீங்க. மாப்பிள்ளையோட அப்பா நான். எங்க திம்புள்ள பக்கத்துப் புள்ளதான் அந்த வினோதா. என் மகனுக்குக் கேட்டிருக்கோம். அதுக்கு வலிப்புன்னு ஒரு பேச்சு அடிபடுது. நாளைக்கு ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சின்னா என் மகன் கதி என்னா? ஒங்களுக்கும் புள்ள குட்டி இருக்கும்ல?"

நியாயமான கேள்விதான். அதனாலேயே அவளுக்கு எரிச்சல் கூடியது.

"அப்பிடியெண்டால் அந்தப் பிள்ளையிட்டைப் போய்க் கேளுங்கோ. என்னட்டைக் கேக்காதேங்கோ."

"அவுங்க உண்மைய சொல்லுவாங்களா?"

பெரியவர் ஒரு பையைத் தூக்கி மேசைமேல் வைத்தார். லீக்ஸும் கரட்டும் எட்டிப் பார்த்தன. கரட்டில் இருந்த ஈரமண் படத்தில் உதிர்ந்தது. புனிதவதி இரண்டு விரலால் பையைத் தூக்கித் தரையில் வைத்தாள்.

"மரக்கறி வாங்க எனக்குக் கடை தெரியும்."

பிளேன்டீ கொண்டுவந்த நல்லமுத்து வாசலிலேயே நின்றுவிட்டார். அந்த அறையைக் கூட்டித் துடைத்துப் படங்களை அடுக்கிவைக்கிற ஊழியர் அவர். மெதுவாக அவள் காதருகே குனிந்தார்.

"மிஸ், வினோதாங்கிற பேர்ல நம்மகிட்ட படமே இல்லீங்களே. இல்லேன்னு ஒரு வார்த்த சொன்னா அந்தப் புள்ளைக்கும் நல்லதுதானே? கல்யாணம் கூடிவரும். இவரும் போயிடுவாரு. ஏன் வம்பு?"

புனிதவதி டேப்பை அப்படியே போட்டுவிட்டு அவரை வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

"நல்லமுத்தண்ணை, இண்டைக்கு இல்லையெண்டு சொல்லுவம். நாளைக்கு வேறை ஒராள் வந்து வேறை ஒரு பிள்ளையைக் கேப்பார். அந்தப் பிள்ளையின்ரை படம் இஞ்சை இருக்கும். அப்ப நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், இருக்கு எண்டுதானே அர்த்தம்? எல்லாரும் சேர்ந்து என்ரை உயிரை ஏன் எடுக்கிறியள்?"

நல்லமுத்து தலையைச் சொறிந்தார். இந்த யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு மனசே இல்லை என்று நினைத்துக்கொண்டு, உள்ளே வந்து தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனார்.

புனிதவதி உள்ளே திரும்பியதும் பெரியவரின் குரல் உயர்ந்துவிட்டது.

"ஏழைன்னா இளப்பந்தானே? யூனியன் தலைவருகிட்ட சொல்லி ஒங்கள இங்கேருந்து மாத்திப்புடுவேன்."

"மாத்தச் சொல்லுங்கோ. ஊர்ப்பக்கமா மாத்தினால் புண்ணியமாப் போகும். இந்தக் குளிரும் இல்லை, உங்கடை கரைச்சலும் இல்லை." அவள் கதவை அகலத் திறந்து பிடித்தாள். "போயிட்டு வாங்கோ."

பெரியவர் போகவில்லை. கம்பளித் தொப்பியைக் கழற்றிவிட்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். பிறகு கோட்டுக்குள் கைவிட்டு, மழை படாமல் உரச்சாக்கில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இதென்ன, இன்னும் மரக்கறியே?"

"பிரிச்சுப் பாருங்க மிஸ்."

சாக்குக்குள் ஓர் உறை. உறைக்குள் ஸ்கேன் படம். அதை வெளிச்சத்தில் பிடித்தாள். ஒவ்வொரு மூலையிலும் பொடி எழுத்தில் வினோதா, வினோதா, வினோதா.

புனிதவதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இது எப்பிடி உங்களிட்டை?"

"எங்க தோட்டத்து டிஸ்பென்சரியில அந்தப் புள்ளைய பேர் சொல்லிக் கூப்பிட்டு, 'வலிப்பு மாத்திர வாங்க வா'ன்னு சத்தமா சொல்லிட்டாங்க மிஸ். அந்திக்குள்ள தண்ணி புடிக்கிற பீலி பூரா அதே பேச்சு. அப்பறம் புள்ள லயத்து வீட்ட விட்டு வெளிய வரல. கொழுந்தெடுக்கவும் போகல." அவர் தொப்பியைப் பிசைந்தார். "டாக்டர் ஐயா படம் கேட்டாரு. யாருக்கும் சொல்லமாட்டோம்னாரு. எல்லாருந்தான் அப்புடி சொல்லுறாங்க. அதான் நானே வந்து கேட்டுப் பாத்தேன். சண்ட போட்டும் பாத்தேன். நீங்க இருக்குன்னும் சொல்லல, இல்லேன்னும் சொல்லல."

"அதுக்கு இந்தப் பாடு படுத்துறதே, ஐயா?" என்றாள். படத்தை மேசையில் மெதுவாக விரித்துவைத்தாள்.

"கட்டிக்கப்போறவங்களுக்கு எப்ப சொல்லணுமோ அப்ப நாங்களே சொல்லிக்குவோம்." அவர் எழுந்து, மேசையில் கிடந்த டேப்பை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"நல்லா அழுத்தி ஒட்டுங்க மிஸ். அது எம் மக பேரு."