கேரியரில் ஒரு கை

நான்காவது முறையும் அவள் இடது பக்கமாகவே விழுந்தாள்.

முழங்கையில் மண் ஒட்டியிருந்தது. தட்டிவிடவில்லை.

"பாத்தியா, பேலன்ஸே இல்ல உனக்கு," என்றான் அவள் கணவன். சைக்கிளைத் தூக்கி நிறுத்தினான். இடது பக்கம் நின்று கேரியரைப் பிடித்துக்கொண்டான். "ஏறு."

பள்ளிக்கூட மைதானம். காலை ஆறரை மணி. நாளைக்கு இந்நேரம் இருவரும் நேர்காணலுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள்.

ஒன்றிய அலுவலகத்தில் அலுவலக உதவியாளர். ஒரே ஓர் இடம். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி. சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். வாசலிலேயே ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். ஓட்டாதவர்கள் அப்படியே வீட்டுக்குப் போகலாம்.

இயற்பியலில் எம்.எஸ்சி. வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அது வீட்டில் இரண்டு இருந்தது. அவளுடையது ஒன்று, அவனுடையது ஒன்று. ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. அவனுடைய செய்முறை நோட்டையும் அவள்தான் எழுதினாள்.

அழைப்புக் கடிதங்களும் ஒரே நாளில் இரண்டாகவே வந்தன. தபால்காரர் சிரித்துக்கொண்டே இரண்டு கையெழுத்து வாங்கினார். வயது வரம்பு இருவருக்குமே இந்த வருடத்தோடு முடிகிறது.

கடிதத்தைப் பிரித்ததும் அவன் சொன்னான். "நீ சும்மா வந்து கலந்துக்க, சுபா. எப்படியும் ஒரே பெட்ரோல்தானே."

சும்மா.

மூன்று வாரமாக அந்தச் சொல் அவள் தொண்டையில் மீன்முள்ளாகக் கிடக்கிறது. சோறு உருட்டி விழுங்கியும் இறங்கவில்லை.

சைக்கிள் எதிர்வீட்டுப் பெண்ணுடையது. பள்ளியில் இலவசமாகக் கொடுத்தது. பிளஸ் ஒன் படிக்கும்போது சுபாவுக்கும் ஒன்று கொடுத்தார்கள். சீட்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரிப்பதற்குள் அப்பா அதை அண்ணனிடம் தள்ளிவிட்டார். உனக்குத்தான் பஸ் பாஸ் இருக்கிறதே என்றார்.

ஏறினாள்.

அவன் தள்ளிக்கொண்டே ஓடி வந்தான். துண்டும் கையுமாக நடை போய்க்கொண்டிருந்த பி.டி. மாஸ்டர் நின்றார்.

"என்ன முகிலா, ரெண்டு சயின்ஸ் டிகிரி சேர்ந்தும் ஒரு சைக்கிள் நிக்க மாட்டேங்குதே!"

"மேடத்துக்கு ஏரோபிளேனே ஓட்டத் தெரியும் சார். தியரில."

இருவரும் சிரித்தார்கள்.

ஓடுகிற சக்கரம் ஏன் சாய்வதில்லை என்று டியூஷன் பிள்ளைகளுக்கு வருடா வருடம் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறவள் அவள். விழுவதற்குக் காரணம் வேண்டும். எப்போதும் ஒரே பக்கம் விழுவதற்கு வெளியிலிருந்து ஒரு விசை வேண்டும்.

வெயில் வலப்பக்கமிருந்து வந்தது. நிழல்கள் இடப்பக்கம் நீளமாக விழுந்து கூடவே ஓடின. ஒரு சைக்கிள், ஒரு பெண், பின்னால் ஒரு கை.

ஹேண்டில்பார் ஆட்டம் அடங்கியது. சக்கரம் நேரானது. வயிற்றுக்குள் ஏதோ பறவை மாதிரி லேசாக எழுந்தது.

அந்த நொடியில் நிழலின் கை கேரியரைத் தன் பக்கமாகச் சுண்டி இழுத்தது.

ஐந்தாவது முறை. இடது பக்கம்.

"பாத்தியா."

பார்த்தாள். மண்ணில் கிடந்தபடியே அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒரு கள்ளமும் இல்லை. உண்மையாகவே பதறியிருந்தான். அவன் கை என்ன செய்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை.

தெரிந்து செய்திருந்தால் மன்னித்திருப்பாள்.

"போதும் வா," என்றான். "நாளைக்கு ஓட்டச் சொன்னா கால்ல அடின்னு சொல்லிக்கலாம்."

அவளே சைக்கிளை நிமிர்த்தினாள். அவளே ஏறினாள். கேரியர் மறுபடியும் கனத்தது.

"கையை எடுங்க."

"விட்டா விழுந்துடுவே."

"எடுங்கன்னு சொல்றேன்ல."

"சொன்னா கேளு, சுபா. ஒரு நாள்ல வர்ற விஷயமா இது?"

"கையை எடுடா!"

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவள் அவனை 'டா' போட்டதில்லை. கல்லூரியோடு போன பழக்கம். வந்த அன்றே மாமியார் நிறுத்தச் சொல்லியிருந்தார். பி.டி. மாஸ்டர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கை எடுக்கப்படவில்லை.

அவள் மிதித்தாள்.

அப்பாவை மிதித்தாள். பஸ் பாஸை மிதித்தாள். அந்தச் 'சும்மா'வை மிதித்தாள்.

பின்னால் இரண்டு செருப்புகளின் சத்தம் துரத்தி வந்தது. பிறகு ஒற்றைச் செருப்பின் சத்தம். பிறகு மூச்சிரைப்பு மட்டும்.

பிறகு அதுவும் இல்லை.

சைக்கிள் சட்டென்று எடை இழந்தது. இடது பக்கம் சாய்ந்தது. வலது பக்கம் சாய்ந்தது. முன்சக்கரம் பாம்பு போல நெளிந்து, பிறகு தானாகவே நேரானது. காதில் காற்று இரைந்தது.

கோல் கம்பத்தை அகலமாகச் சுற்றித் திரும்பினாள்.

அவன் தெரிந்தான். நேர் எதிரே, அவள் வரும் வழியின் நடுவில். ஒற்றைச் செருப்போடு, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, அவளைப் பிடித்து நிறுத்தத் தயாராக.

"பிரேக்! பிரேக்கப் பிடி!"

பிரேக் அவள் விரல்களுக்குக் கீழேயே இருந்தது.

அவள் மணியை அடித்தாள்.

அவன் நகரவில்லை.

மறுபடியும் அடித்தாள். மிதிப்பதை நிறுத்தாமல்.