உரிமம் யார் பேரில்

உச்சி வெயிலில் ஜங்ஷன் கம்ப்யூட்டர் கடை வெறிச்சோடிக் கிடக்கிறது. பொட்டில்லாத நெற்றியில் திருநீறு பூசிய வேணி, பக்கத்தில் இன்னொரு காலி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டுதான் உட்காருகிறாள். அவள் வாங்கும் கம்ப்யூட்டருக்கான இரண்டு வகை விண்டோஸ் உரிமங்களைக் கடைக்காரன் கணேஷ்ராம் விளக்குகிறான். "மலிவானது இந்த மிஷினோடயே செத்துப்போவும். மத்தத, மிஷின் போனாலும் வேற மிஷினுக்கு மாத்திக்கிடலாம்க்கா." "மாத்துததே குடுங்க. ஒருக்கா போனது போதும்." திரை பெயர் கேட்கிறது. "யார் பேர்ல போடணும்?" "எங்க வீட்டுக்காரர் பேர்லதான்." "பேரச் சொல்லுங்க." புருஷன் பேரை வாயால் சொல்லும் வழக்கம் அவளுக்கில்லை. காலி நாற்காலியைப் பார்க்கிறாள். "அவுகளே சொல்லுவாவ." நாற்காலி பைய முனகுகிறது. கணேஷ்ராமின் பிடரி சில்லிடுகிறது. இதுவரை கேட்டேயிராத ஒரு பெயரை அவன் விரல்கள் தடுமாறாமல் அடிக்கின்றன. திரையைப் பார்த்த வேணி, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு மரியாதையாக எழுந்து நிற்கிறாள்.