விதைக்கு மருந்து

“விதையில கிருமி விழுந்திருச்சாம். உடனே மருந்து வைக்காட்டி அம்புட்டும் வீணாப் போயிருமாம்” என்றான் பொன்னுவேல், சட்டைப் பையை ஒரு கையால் பொத்தியபடி.

பூம்பாறையில் விதை என்றால் விதைப்பூண்டுதான். மனைவி தேவசேனா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. வயலை முழுக்கப் பார்ப்பவள் அவள். கொடைக்கானலில் சுற்றுலா வேன் ஓட்டும் பொன்னுவேல் அந்தப் பக்கம் போயே ஒரு வருடம் இருக்கும்.

உண்மையில் கிருமி விழுந்திருந்தது பொன்னுவேலின் விதைப்பையில். வீக்கம், காய்ச்சல், ஸ்டியரிங் முன்னால் உட்கார முடியாத வலி. பதினாலு நாள் மாத்திரை, டாக்டர் சீட்டோடு சட்டைப் பையில் இருந்தது. பாதியில் நிறுத்தினால் விந்துக்குழாய் அடைத்து, பிள்ளை பிறப்பதே சந்தேகமாகிவிடலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது.

ஆம்பளைக்கு வரக்கூடிய நோயா இது என்று பொன்னுவேல் குமைந்தான். ஆம்பளைக்கு மட்டும்தான் வரும் என்று டாக்டர் சொல்லியும் மனம் ஆறவில்லை. பெண்டாட்டியிடம் இதைச் சொல்வதற்கு வேனைப் பள்ளத்தில் இறக்கிவிடலாம்.

தினமும் இரண்டு வேளை, அவன் சாப்பிட்டுக் கை கழுவியதும் தேவசேனா சொம்பில் வெந்நீரை நீட்டி, விதைக்கு மருந்து வைத்தாயிற்றா என்று விசாரிப்பாள். அவன் பின்னறைக்குள் போய் மாத்திரையை விழுங்குவான். வெள்ளந்தி என்று உள்ளுக்குள் சிரித்துக்கொள்வான்.

ஆறாம் நாள் வீக்கம் வடிந்தது. மாத்திரை வேறு வயிற்றைப் புரட்டியது. விதைப்பூண்டு தேறிவிட்டது, இனி மருந்து வேண்டாம் என்று அறிவித்தான்.

“விதைச் சோலிங்க. பாதியில நிறுத்தப்படாது. பதினாலு நாளும் வச்சிருங்க” என்றாள் அவள்.

விவசாயத்திலும் அதே கணக்குதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தொடர்ந்தான்.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனை. ஒரு குறையுமில்லை, மாத்திரையை நடுவில் விட்டிருந்தால் சிக்கலாகியிருக்கும் என்றார் டாக்டர். பொன்னுவேல் பூம்பாறை வரைக்கும் பாடிக்கொண்டே வேன் ஓட்டினான்.

“விதைப்பூண்டு மொத்தமும் பொழச்சிருச்சு புள்ள. எல்லாம் நான் வச்ச மருந்து” என்றான், வாசலில் நின்று மீசையைத் தடவியபடி.

தேவசேனா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

“நான் வாக்கப்பட்டு வந்ததுலருந்து நம்ம வயல்ல பூண்டே போடலைங்க.”